இரண்டு வைரங்களுக்கு நடுவே

திரையில் ஒரு பந்தைத் துள்ளவைக்க இரண்டு நிமிடம் போதும். அது பந்துதான் என்று பார்ப்பவரை நம்பவைக்க மாதக்கணக்கில் ஆகிறது.

தூர்தர்ஷனின் அந்தக் கண்ணை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எண்பதுகளில் டிவி பார்த்தவர் எவரும், வளைந்த உருவங்கள் சுழன்று சுழன்று வந்து கடைசியில் கண்ணாக நிலைத்ததைப் பாதித் தூக்கத்திலும் சொல்வார். கூடவே பண்டிட் ரவிசங்கரின் இசையும் காதில் ஒலிக்கும். சின்னத்தை வரைந்த தேவாஷிஷ் பட்டாச்சார்யா அப்போது அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனில் மாணவர். 1976 ஏப்ரல் 1-இல் ஆல் இந்தியா ரேடியோவிடமிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போன தூர்தர்ஷனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. முகத்தை அசைத்துக் கொடுத்தவர்களும் அதே நிலையத்தைச் சேர்ந்தவர்கள்தான். படத்தைப் பிரதி எடுத்து, கேமராவுக்கு அடியில் வைத்து, கொஞ்சம் திருப்பி ஒரு ஷாட். இன்னும் கொஞ்சம் திருப்பி இன்னொரு ஷாட். கம்ப்யூட்டர் என்ற பேச்சே அங்கு இல்லை.

இன்று மும்பையிலோ ஹைதராபாத்திலோ ஒரு மாடிப்படி ஏறி, ஏ.சி. குளிரடிக்கும் பயிற்சி மையத்தில் உட்காரும் மாணவருக்கு இதே சுழற்சி இரண்டு கிளிக் வேலை. 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்' மென்பொருளில் படத்தை ஒரு லேயராக வைக்கிறார். 'ரொட்டேஷன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு ஸ்டாப்வாட்ச் சின்னம் இருக்கிறது. அதைத் தட்டியதும் டைம்லைனில் சின்ன வைரம் ஒன்று முளைக்கிறது. அதன் மதிப்பு 0 டிகிரி. காலக்கோட்டில் நாலு விநாடி தள்ளிப் போய் மதிப்பை மாற்றுகிறார். இரண்டாவது வைரம். நடுவில் உள்ள அத்தனை ஃப்ரேம்களையும் இயந்திரமே நிரப்பிக்கொள்கிறது. படம் சுழல்கிறது. மாணவர் முகத்தில் வெற்றிப் புன்னகை.

அந்த வைரத்தின் பெயர்தான் கீஃப்ரேம். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு பொருள் எங்கே, எவ்வளவு பெரிதாக, எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று மனிதர் இயந்திரத்துக்குத் தரும் வாக்குமூலம். பாக்கியெல்லாம் இயந்திரத்தின் ஊகம். மோஷன் கிராஃபிக்ஸ் கற்பவர்களின் தொல்லைகள் அனைத்தும் இந்த ஊகத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

இந்த வேலைப் பிரிவினை மென்பொருள்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் தலைமை அனிமேட்டர் ஓர் அசைவின் முக்கியக் கட்டங்களை மட்டும் வரைவார். கை ஓங்கிய நிலை ஒன்று, அடி விழுந்த நிலை இன்னொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட படங்களை வரைய வேறு ஆள். அவருக்கு 'இன்பிட்வீனர்' என்று பெயர். சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டிரண்டு ஃப்ரேமாகப் பிடித்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள் வேண்டும். அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகை, தாள்கள் நகராமல் பிடித்துக்கொள்ளும் ஆணிப்பட்டை, குனிந்த கழுத்து. கிட்டத்தட்ட தறி வேலை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தலைமை அனிமேட்டர் இடைப்படக்காரரிடம் வெறுமனே இரண்டு படங்களைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, அதில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள் போட்டிருப்பார். அதுதான் டைமிங் சார்ட். குறுக்குக் கோடுகள் நெருங்கி இருக்கும் இடத்தில் அசைவு மெதுவாகும், விலகி இருக்கும் இடத்தில் வேகமெடுக்கும். நடுவில் எத்தனை படம் என்பதோடு அவை எங்கெங்கே விழ வேண்டும் என்பதையும் அந்தப் பென்சில் ஏணிதான் சொல்லும். இன்றைய மென்பொருளில் மாணவர்களை மிரட்டும் 'கிராஃப் எடிட்டர்' இந்த ஏணியின் பேரன். தாத்தாவை அறிமுகப்படுத்திவிட்டால் பேரனிடம் பயம் பாதி போய்விடும். பெரும்பாலான பயிற்சி மையங்கள் அறிமுகப்படுத்துவதில்லை.

இடைப்படக்காரரின் இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்த கதை கனடாவில் நடந்தது. ஆட்டவாவில் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் பணியாற்றிய நெஸ்டர் பர்ட்னிக் என்ற விஞ்ஞானி, 1969-இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போனார். டிஸ்னியிலிருந்து வந்திருந்தவர்கள் தலைமை ஓவியர், உதவியாளர் என்று வேலை பிரியும் விதத்தை விளக்கினார்கள். இதில் உதவியாளர் செய்வது கம்ப்யூட்டர் செய்யக்கூடிய கணக்குதானே என்று அவருக்குப் பட்டது. ஊர் திரும்பி, சகா மார்செலி வைனுடன் சேர்ந்து அதை நடத்திக் காட்டினார். அந்தக் கருவியைக் கொண்டு பீட்டர் ஃபோல்டெஸ் இயக்கிய 'ஹங்கர்' 1974-இல் வெளிவந்தது. பெருந்தீனிக்காரன் ஒருவன் தின்று தின்று ஊதிப்போய், கடைசியில் பசித்தவர்கள் கூட்டத்துக்கு இரையாகும் படம். கேன்ஸில் ஜூரி பரிசு, ஆஸ்கருக்குப் பரிந்துரை. படத்தில் ஓர் உருவம் இன்னோர் உருவமாக உருகி மாறிக்கொண்டே இருக்கும். அந்த உருகலெல்லாம் இரண்டு கீஃப்ரேம்களுக்கு இடையே கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. கனடாக்காரர்கள் இருவருக்கும் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது 1997-இல்தான் வந்தது. விஞ்ஞானிகளுக்குக் கைதட்டல் எப்போதுமே தாமதம்தான்.

இந்தியாவில் விளக்குப் பலகை வந்து சேர்ந்தது 1956-இல். 'ஸ்னோ வைட்', 'பாம்பி', 'பீட்டர் பேன்' படங்களில் வேலை பார்த்த டிஸ்னி ஓவியர் கிளேர் வீக்ஸ், அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ் மும்பையில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு வந்து இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். வீக்ஸ் இந்தியாவில் பிறந்தவர் என்பது கூடுதல் பொருத்தம். ஜாதகக் கதையை வைத்து எடுத்த 'தி பனியன் டீர்' 1957-இல் தயாரானது. அவரிடம் கற்றவர்களில் ஒருவர், 2019-இல் மறைந்த ராம் மோகன். சத்யஜித் ராயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி', மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' ஆகியவற்றில் வரும் அனிமேஷன் பகுதிகள் அவர் கைவண்ணம். மோஷன் கிராஃபிக்ஸ் என்ற பெயர் இங்கே பழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் இடைப்படம் வரைந்து வரைந்தே வேகத்தையும் தாமதத்தையும் கைக்குப் பழக்கினார்கள். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி வெளிநாட்டு டிவி தொடர்களின் இடைப்பட வேலைகள் இந்திய ஸ்டூடியோக்களுக்கு வரத் தொடங்கியபோதும் புதியவர்கள் உட்காரும் முதல் நாற்காலி அதுதான். சம்பளம் சொற்பம், அலுப்பு அதிகம். ஆனால் மூத்தவர் போட்ட ஏணியை நாளுக்கு நாற்பது தடவை பார்த்தவருக்கு, ஏன் இங்கே நெருக்கம், ஏன் அங்கே இடைவெளி என்று ஒரு நாள் விளங்கிவிடும். மென்பொருள் அந்த முதல் நாற்காலியை எடுத்துவிட்டது. முதல் நாளே மாணவர் தலைமை அனிமேட்டராகிவிடுகிறார். கையில் வைரங்கள் இருக்கின்றன. ஏணி போடத் தெரியாது.

இதற்குத் தோதான சோதனைக்களம் துள்ளும் பந்து. உலகெங்கும் அனிமேஷன் வகுப்பில் முதல் பாடம் அதுதான். சங்கீதத்தில் சரளி வரிசை மாதிரி.

மாணவர் பந்தை மேலே வைத்து ஒரு வைரம், தரையில் வைத்து ஒரு வைரம், மறுபடி மேலே ஒரு வைரம் என்று போடுகிறார். ஓடவிட்டால் பந்து லிஃப்ட் மாதிரி இறங்கி லிஃப்ட் மாதிரி ஏறுகிறது. காரணம் எளிது. வேறு எதுவும் சொல்லாதபோது இயந்திரம் தூரத்தைச் சமமாகப் பங்கு போடுகிறது. பாதி நேரத்தில் பாதி தூரம். புவியீர்ப்பு அப்படிப் பங்கு போடுவதில்லை. விழும் பொருள் பாதி நேரத்தில் கால்பங்கு தூரத்தைத்தான் கடக்கிறது. மிச்ச முக்கால் பங்கும் பின்பாதியில். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தது இங்கே வந்து வாசலில் நிற்கிறது.

உடனே யாராவது எஃப் 9 விசையைத் தட்டச் சொல்வார்கள். 'ஈஸி ஈஸ்' என்பது அந்த மந்திரத்தின் பெயர். வைரம் மணற்கடிகாரமாக உருமாறும், வெட்டு வெட்டான அசைவு பட்டுப்போல ஆகிவிடும். புதியவர்கள் இதில் மயங்கி, கண்ணில் பட்ட வைரங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து எஃப் 9 தட்டுகிறார்கள். இப்போது பந்து மேலே தயங்கிக் கிளம்புகிறது, சரி. தரைக்குப் பக்கத்தில் வந்ததும் அங்கேயும் மரியாதையாக வேகம் குறைத்து, தரையைத் தொட்டும் தொடாமலும் நின்று, மெல்லத் திரும்புகிறது. அது பந்து இல்லை. பலூன்.

தரையில் பந்துக்கு வேகம் குறையக் கூடாது. உச்ச வேகத்தில் வந்து மோதி, உச்ச வேகத்திலேயே எதிர்த்திசையில் கிளம்ப வேண்டும். கிராஃப் எடிட்டரில் உயரத்துக்கான கோட்டைப் பார்த்தால், மேலே குன்று மாதிரி உருண்டை, கீழே ஊசி மாதிரி கூர்மை. 'வி' போல இருக்க வேண்டிய இடத்தில் 'யு' வந்தால் தொலைந்தது. இந்த ஓர் உண்மையைக் கண்ணால் பார்த்துவிட்ட மாணவர், அதன் பிறகு கிராஃபைத் திறக்காமல் எந்த அசைவையும் முடிப்பதில்லை. பார்க்காதவர்கள் வருடக்கணக்கில் எஃப் 9 தட்டிக்கொண்டிருக்கிறார்கள். டிவியில் சேனல் சேனலாக ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு வரும் தலைப்புப் பட்டைகளின் ரகசியம் இதுதான்.

அந்த வளைகோட்டின் பூர்வீகமும் சுவாரஸ்யமானது. வைரத்தின் இருபுறமும் நீளும் கைப்பிடிகளை இழுத்தால் கோடு வளைகிறதே, அதற்கு பெஸியே வளைவு என்று பெயர். பியர் பெஸியே பிரான்சில் ரெனோ கார் கம்பெனி இஞ்ஜினியர். கார் உடம்பின் வளைவை இயந்திரத்துக்குப் புரியும்படி கணக்கில் எழுத அறுபதுகளில் இந்த முறையை வளர்த்தெடுத்தார். போட்டிக் கம்பெனியான சித்ரோவனில் பால் த கஸ்தெல்ஜோ அதற்கு முன்பே இதே கணக்கைப் போட்டிருந்தார். கம்பெனி ரகசியம் என்று அது பூட்டிக்கிடந்ததால் பெயர் மற்றவருக்குப் போய்விட்டது. கார் பானெட்டுக்காகப் பிறந்த வளைவு இன்று கல்யாண வீடியோவில் தோரணத்தை ஆட்டுகிறது.

பந்துக்குத் திரும்பலாம். அடுத்த சறுக்கல், இரண்டாவது துள்ளல். ஒவ்வொரு முறையும் உயரம் குறைய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. நேரமும் குறைய வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. முதல் துள்ளலுக்கு 24 ஃப்ரேம் கொடுத்தவர் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அதே 24-ஐக் கொடுக்கிறார். பந்து நிலாவில் துள்ளுகிறது. உயரம் பாதியாகும்போது நேரம் சுமார் 0.7 பங்காகும். 24 என்றால் அடுத்தது 17, பிறகு 12, பிறகு 8. வைரங்கள் வலதுபக்கம் போகப் போக நெருங்கிக்கொண்டே வர வேண்டும். தாளத்தில் காலம் கூடுவது போல. மிருதங்கமோ தபலாவோ கற்ற மாணவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிறகு அமுக்கம். தரையில் மோதும்போது பந்து தட்டையாக வேண்டும். டிஸ்னி ஓவியர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' புத்தகத்தில் பட்டியலிட்ட பன்னிரண்டு விதிகளில் முதலாவதே இந்த அமுக்கமும் நீட்சியும்தான். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. உயரத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அகலத்தை 125 சதவீதமாக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் பழைய பரப்பளவே வரும். அகலத்தை மறந்தால் பந்து தட்டையாவதற்குப் பதில் சுருங்கிப்போகிறது. இதையும் சரியாகச் செய்துவிட்டுச் சிலர் விழிப்பார்கள், ஏனென்றால் அமுங்கும் கணத்தில் பந்து தரையை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பி நிற்கிறது. பந்தின் நங்கூரப் புள்ளி நடுவில் இருப்பதுதான் காரணம். மேலும் கீழும் சமமாகச் சுருங்கினால் அடிப்பாகம் மேலே வரத்தானே செய்யும்? நங்கூரத்தை அடிப்பாகத்துக்கு நகர்த்தினால் தீர்ந்தது. வைரம் போட ஆரம்பிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. பிறகு நகர்த்தினால் போட்ட இடமெல்லாம் கலைந்துவிடும். இதை எல்லோரும் ஒரு முறையாவது அழுதுவிட்டுத்தான் கற்கிறார்கள்.

இயந்திரத்தின் ஊகம் சில இடங்களில் வேண்டாத வேலையையும் செய்யும். ஓர் எழுத்து இடப்புறமிருந்து வந்து நடுவில் ஒரு விநாடி நின்று பிறகு வலப்புறம் போக வேண்டும். நிற்கும் கட்டத்துக்கு ஒரே இடத்தில் இரண்டு வைரங்கள் போட்டாயிற்று. ஓடவிட்டால் எழுத்து நிற்கவில்லை. நடுவில் இருந்துகொண்டே கொஞ்சம் அப்பால் போய்த் திரும்பி வருகிறது, வாசலில் நின்று உள்ளே வரவா வேண்டாமா என்று யோசிக்கும் விருந்தாளி போல. பாதையை வழவழப்பாக்கும் ஆர்வத்தில் மென்பொருள் தானாகவே வளைவு போட்டுவிடுகிறது. விருப்பங்கள் பட்டியலில் இடப்பாதையை நேர்க்கோடாக வைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் அடுத்து போடும் வைரங்களில் இந்த விருந்தாளி வருவதில்லை.

உருப்பெருக்கத்தில் இன்னொரு கண்கட்டு. பூமி உருண்டையை 1 சதவீத அளவிலிருந்து 100 சதவீதத்துக்கு வளர்க்கும் காட்சி, தேர்தல் இரவு கிராஃபிக்ஸில் நிச்சயம் உண்டு. சமமாக வளர்த்தால் முதலில் சீறிப் பாய்ந்து பிறகு சோர்ந்துவிடும். 1-லிருந்து 2 ஆவது கண்ணுக்கு இரண்டு மடங்கு. 99-லிருந்து 100 ஆவது கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. மனிதக் கண் கூட்டலைப் பார்ப்பதில்லை, பெருக்கலைப் பார்க்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதற்கென்றே 'எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல்' என்று ஓர் உதவியாளர் மெனுவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார். அவரைத் தேடிப்போகிறவர்கள் கம்மி.

தூர்தர்ஷன் கண்ணைச் சுழற்றிய மாணவருக்கும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. 0-விலிருந்து 360 டிகிரி வரை சுழற்றி, அதை முடிவில்லாமல் ஓடும்படி வைக்கிறார். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் சக்கரம் இமைப்பொழுது விக்குகிறது. 0 டிகிரியும் 360 டிகிரியும் ஒரே படம். கடைசி ஃப்ரேமும் முதல் ஃப்ரேமும் அடுத்தடுத்து வரும்போது அதே படம் இரு முறை வருகிறது. கடைசி ஃப்ரேமை வெட்டி எறிந்தால் விக்கல் போய்விடும். டிவிக்கு விநாடிக்கு 25 ஃப்ரேம் என்று வைத்தால் அந்த விக்கலின் நீளம் விநாடியில் 25-இல் ஒரு பங்கு. அதையும் கண் கண்டுபிடித்துவிடுகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் சாபமும் வரமும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தாய்வீட்டில் பிறந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 'கம்பெனி ஆஃப் சயன்ஸ் அண்ட் ஆர்ட்' என்ற சிறு நிறுவனம் அதை 1993 ஜனவரியில் வெளியிட்டது. அதே ஆண்டில் ஆல்டஸ் கம்பெனி அதை வாங்கியது. அடுத்த ஆண்டு ஆல்டஸை அடோபி விழுங்கியது. இன்று சந்தா கட்டித்தான் பயன்படுத்த முடியும். சந்தா கட்டாமல் பயன்படுத்துகிறவர்கள் யாரும் இல்லை என்று எந்தப் பயிற்சி மையத்துக்காரரும் சத்தியம் செய்ய மாட்டார். பணம் இல்லாதவருக்கு நேர்மையான வழியும் உண்டு. பிளெண்டர் முழுக்க இலவசம், டாவின்சி ரிசால்வின் ஒரு பதிப்பும் இலவசம். இரண்டிலும் வைரம் வைரம்தான், வளைகோடு வளைகோடுதான். பந்தின் கணக்கு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை.

இந்திய மாணவருக்கென்று தனியாக ஒரு தலைவலி காத்திருக்கிறது: எழுத்து. ஆங்கிலப் பாடத்தைப் பார்த்து, தலைப்பை எழுத்தெழுத்தாக உள்ளே வரவைக்கக் கற்றாயிற்று. அதையே இந்தியிலோ தமிழிலோ வங்காளத்திலோ செய்தால் விபரீதம். மென்பொருள் குறியீடுகளை எண்ணுகிறது. வாசகர் எழுத்துகளை எண்ணுகிறார். 'கொ' என்பது படிப்பவருக்கு ஓர் எழுத்து. உள்ளே ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று. மெய் தனியே வந்து நிற்க, கொம்பும் காலும் பின்னால் ஓடி வந்து சேர்கின்றன. தேவநாகரியில் கூட்டெழுத்து முறிந்து கிடக்கும். இந்திய எழுத்துகளுக்கான எழுத்து எஞ்ஜினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அசையாமல் நிற்கும் சொல்லே கூட உடைந்துதான் தெரியும். பல ஆண்டுகளாக டிசைனர்கள் யூனிகோடைத் தூக்கிப்போட்டுவிட்டு, பழைய குறியீட்டு ஃபாண்டுகளைப் போட்டுச் சமாளித்தார்கள். இன்றும் விவரம் தெரிந்தவர் எழுத்தெழுத்தாக அசைப்பதைத் தவிர்த்து சொல் சொல்லாக அசைக்கிறார். அல்லது எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி, எது எதோடு சேரும் என்று தானே பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் வைரம் போடுகிறார். ஆங்கிலத்தில் ஐந்து நிமிட வேலை இங்கே ஒரு பிற்பகல். கூலி மட்டும் அதே ஐந்து நிமிடத்துக்கு.

கூலிப் பேச்சு வந்துவிட்டதால் சந்தையையும் பார்த்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை, கட்சிகளின் பிரசார வீடியோ, கோச்சிங் சென்டர் விளம்பரம், செய்திச் சேனலின் பட்டை. வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் கணிசமானது டெம்ப்ளேட் வேலை. யாரோ எங்கோ போட்ட வைரங்கள் அப்படியே இருக்க, மணமக்கள் பெயரும் போட்டோவும் மட்டும் மாறுகின்றன. இதையே செய்து வருடங்களைக் கழித்தவர் கையில் ஷோரீல் தடிமனாக இருக்கும், நேர்முகத் தேர்வில் ஒரு பந்தைத் துள்ளவைக்கச் சொன்னால் தடுமாறுவார். பெற்றோரின் சேமிப்பிலிருந்தோ கடனாகவோ கட்டணம் கட்டியவருக்கு இது வேடிக்கையான விஷயமில்லை. பயிற்சி மைய விளம்பரங்கள் எத்தனை மென்பொருள் கற்றுத் தரப்படும் என்றுதான் எண்ணிக் காட்டுகின்றன. ஒன்பது மென்பொருள், பன்னிரண்டு மென்பொருள். பந்துக்கு எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

வைரமே வேண்டாம் என்று கிளம்பிய முயற்சிகளும் உண்டு. நடிகரின் உடம்பில் குறிகளை ஒட்டி அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் முறையில், சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000-இல் 'சிந்துபாத்' பற்றிய முழுநீளப் படத்தையே எடுத்தது. 2014-இல் 'கோச்சடையான்' வந்தது. ஆனால் பதிவான அசைவில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு மதிப்பு வந்து குவியும். விநாடிக்கு 24 வைரம். கை கொஞ்சம் உயரமாகத் தூக்கியிருக்கலாமே என்று இயக்குநர் சொன்னால் எந்த வைரத்தைத் தொடுவது? வேண்டாதவற்றைக் களைந்து சிலவற்றை மட்டும் நிறுத்த மறுபடி அனிமேட்டர்தான் வர வேண்டியிருக்கிறது. இப்போது இரண்டு படம் கொடுத்தால் நடுவில் உள்ளதை வரைந்து தரவும், வெறும் வாக்கியம் கொடுத்தால் வீடியோவே தரவும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அது பலரின் டெம்ப்ளேட் வேலையைத் தின்னும் என்பதில் சந்தேகமில்லை. வாடிக்கையாளர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, லோகோ இரண்டு ஃப்ரேம் முன்னால் விழட்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்கிறாரே, அந்த இடத்தில்தான் அது இன்னும் முழிக்கிறது. எதற்கு இரண்டு ஃப்ரேம், ஏன் மூன்று இல்லை என்பது பார்த்துப் பழகிய கண்ணுக்கே தெரியும்.

அந்தக் கண்ணை வளர்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நல்ல ஆசிரியர்கள் முதல் வாரத்தில் கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லிவிட்டு மாணவர்களை மாடிப்படிக்குக் கூட்டிப் போகிறார்கள். ஒரு டென்னிஸ் பந்து, ஒரு கிரிக்கெட் பந்து, ஒரு பிளாஸ்டிக் பந்து. செல்போன் கேமராவை ஸ்லோ மோஷனில், விநாடிக்கு 240 ஃப்ரேமில் வைத்து, ஒவ்வொன்றையும் கீழே போட்டுப் படம் பிடிக்க வேண்டும். பிறகு சுவரோரம் உட்கார்ந்து ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எண்ண வேண்டும். தரையைத் தொட்டது எந்த ஃப்ரேம், உச்சிக்குப் போனது எந்த ஃப்ரேம், அடுத்த தொடல் எது. நோட்டில் எழுதிப் பத்தால் வகுத்தால் 24 ஃப்ரேம் கணக்கு கிடைத்துவிடும். கிரிக்கெட் பந்து சிமென்ட் தரையில் இரண்டாவது முறை எவ்வளவு குறைவாக எழும்புகிறது என்று முதன்முறையாகப் பார்க்கிறவர், அதுவரை நூறு முறை அதைத் தெருவில் வீசியிருப்பார்.